7.29க்குத் தொடங்கும் சீனக் குரல்: ஜாமிங்கா, வீட்டு இரைச்சலா?

சாம்பல்தீவு_வயர்

எல்லாருக்கும் வணக்கம். சிற்றலையில் கேட்பது ஜாமிங்தானா (ஒரு நிலையத்தை வேண்டுமென்றே அமுக்கும் குறுக்கீடு) என்று எப்படி உறுதி செய்வது, உறுதியானால் எப்படிப் பதிவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இடம் சாம்பல்தீவு, திருகோணமலை. டெக்சன் பிஎல்-330 வானொலி ஒன்றும், கணினியில் செருகும் ரிசீவரான ஆர்டிஎல் எஸ்டிஆர் வீ3 ஒன்றும் இருக்கின்றன. வீ3 டைரக்ட் சாம்பிளிங்கில் (சிற்றலையை மாற்றாமல் நேரே எண்ணாக்கும் முறை) ஓடுகிறது. அன்டெனா 15 மீற்றர் நீளமான 1/1.13 வீட்டு வயர், 5 மீற்றர் உயரத்தில் தென்னைக்கும் கூரைக்கும் நடுவே. கூரை முனையில் 9:1 பலன் (balun, வயரையும் கேபிளையும் பொருத்தும் ட்ரான்ஸ்ஃபோமர்), அங்கிருந்து ஆர்ஜி-6 டிவி கேபிள். எர்த் அடிக்கவில்லை.

சந்தேகம் நாலு.

ஒன்று, 25 மீற்றர் வரிசையில் (12 மெகாஹேர்ட்ஸ் பக்கம்) இரவு 7.29க்கு ஒரு சீனப் பேச்சு எழும்பி 8.31 வரை ஓடுகிறது. ஒரே ஆள் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல எதிரொலி. அடியில் வேறு ஏதோ மொழி. முதல் சில நிமிடம் காதைத் துளைக்கும் விசில்.

இரண்டு, 13,650 கிலோஹேர்ட்ஸில் தெளிவான ஒரு நிலையம் எஸ்டிஆரில் மட்டும் வருகிறது. பிஎல்-330இல் அந்த இடத்தில் எதுவும் இல்லை.

மூன்று, சில இடங்களில் 10 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்குச் சப்பையான இரைச்சல். வாட்டர்ஃபோலில் (சிக்னல்களை நேரத்தோடு ஓடவிட்டுக் காட்டும் படம்) செங்கல் வைத்தமாதிரி இரண்டு ஓரமும் நேராக இருக்கும்.

நாலு, 3 முதல் 6 மெகாஹேர்ட்ஸ் வரை எங்கு திருப்பினாலும் வினாடிக்கு ஒரு தடவை போல "டிக்".

இவற்றில் எது ஜாமிங்?

மட்டிக்களி_31மீ

முதலாவது மட்டும்தான் ஜாமிங்காக இருக்க வாய்ப்பு. மற்ற மூன்றையும் கழித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

13,650 பேய் நிலையம். வீ3 டைரக்ட் சாம்பிளிங்கில் கடிகாரம் 28.8 மெகாஹேர்ட்ஸ். அதன் பாதியான 14.4க்கு மேலே இருப்பதெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல கீழே மடிந்து விழும். 28,800இலிருந்து 13,650ஐக் கழித்தால் 15,150. 19 மீற்றர் வரிசையில் இருக்கும் ஒரு நிலையம்தான் உங்களுக்கு 22 மீற்றரில் தெரிகிறது. ஏஎம் சிக்னலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் மடிந்தாலும் பேச்சு கெடாது. அதனால்தான் உண்மையான நிலையம் என்று நம்பிவிடுகிறோம். பிஎல்-330ஐ 15,150இல் வைத்து இரண்டும் ஒரே பேச்சா என்று பாருங்கள். வீ4இல் இந்தச் சிக்கல் இல்லை, அது சிற்றலையை மேலே தூக்கி எடுத்துக்கொள்கிறது. ஃபில்டர் போட்டு வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். 13.6ஐ விட்டு 15.1ஐ மட்டும் வெட்டும் அளவுக்குச் செங்குத்தான ஃபில்டர் கையால் சுற்றி வராது.

செங்கல் இரைச்சல் டிஆர்எம், அதாவது டிஜிட்டல் சிற்றலை ஒலிபரப்பு. இந்தியாவின் ஆகாசவாணியும் சீனாவும் இதை அனுப்புகின்றன. வெறும் காதுக்கு வெண்ணிரைச்சல் மாதிரித்தான் இருக்கும். வாட்டர்ஃபோலைப் பெரிதாக்கினால் செங்கலுக்குள்ளே மெல்லிய மூன்று கோடுகள் தெரியும். நடு அலைவரிசையிலிருந்து 750, 2,250, 3,000 ஹேர்ட்ஸ் தள்ளி நிற்கும். அந்தக் கோடுகள் இருந்தால் அது ஒலிபரப்பு. இரைச்சல் ஜாமர் இவ்வளவு நேராக ஓரம் வெட்டி நிற்காது. நடுவில் தடித்து ஓரத்தில் கரைந்துபோகும்.

"டிக்" பற்றிப் பன்குளம் அண்ணை வருவார், அது அவருடைய பாடம்.

இனி உங்கள் 7.29. இலங்கை நேரம் யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, ஐந்தரை மணி முன்னுக்கு. ஆகவே உலகத்தின் முழு மணி நமக்கு அரை மணி. 7.29 என்றால் 13:59 யூடிசி, 8.31 என்றால் 15:01. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு நிமிடம் முன்னாலே வந்து, ஒரு நிமிடம் பின்னாலே போகிறது. இதுதான் முதல் அடையாளம். உள்ளூர் இரைச்சலுக்கு யூடிசி தெரியாது.

பேச்சு பெரும்பாலும் சீனத் தேசிய வானொலியின் முதல் சேவை. முன்பு இதே வேலைக்கு மேளம், சேகண்டி, நாகசுவரத்துக்குத் தம்பி மாதிரி ஒரு குழல் எல்லாம் சேர்ந்த இசையைச் சுற்றிச் சுற்றிப் போட்டார்கள். கேட்போர் அதற்கு "ஃபயர்டிரேக்" என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்த இடத்துக்குப் பெரும்பாலும் இந்தப் பேச்சுச் சேவை வந்துவிட்டது. இதில் ஒரு தந்திரம் உண்டு. இரைச்சல் போட்டால் ஜாமிங் என்று எவரும் சொல்லலாம். சாதாரண நிகழ்ச்சியைப் போட்டால் "எங்கள் நிலையம், தற்செயலாக அதே அலைவரிசை" என்று சொல்லிக்கொள்ளலாம்.

எதிரொலியைக் கவனியுங்கள். வானொலி அலை 1,000 கிலோமீற்றருக்கு 3.3 மில்லிசெக்கன் எடுக்கும். இரண்டு ஒலிபரப்பிகள் 3,000 கிலோமீற்றர் தள்ளி இருந்தாலும் வித்தியாசம் 10 மில்லிசெக்கன்தான், அது காதுக்கு எதிரொலியாக விழாது. கிணற்றுக்குள் பேசுவதுபோல இருந்தால் தாமதம் நூறு மில்லிசெக்கனுக்குக் கிட்டவோ மேலேயோ. ஒலிபரப்பிகளுக்கு இடையிலுள்ள தூரத்தால் அவ்வளவு வராது. ஒரே நிகழ்ச்சி வெவ்வேறு செய்மதி இணைப்பு வழியாக வெவ்வேறு தாமதத்தோடு பல நிலையங்களுக்குப் போய் ஒரே அலைவரிசையில் எழும்புகிறது என்று அர்த்தம். ஒரு அலைவரிசைக்கு ஒரு நிலையம் என்ற சாதாரண ஒலிபரப்பில் இந்த எதிரொலி மிக அரிது.

சரியாக 7.30க்கு நேர பிப் வரும், ஐந்து தாழ்ந்தது, ஒன்று உயர்ந்தது. அதைப் பதிவுசெய்து ஓடசிட்டி என்ற ஒலி மென்பொருளில் விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பிப்பும் இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து நிற்கும். முதல் பிளவுக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளியை மில்லிசெக்கனில் அளந்து எழுதி வையுங்கள். அடுத்த நாளும் அதே இடைவெளி வந்தால் அதே நிலையங்கள்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

விசில் ஏன் வருகிறது? திபெத்திய மொழியில் தஜிகிஸ்தானிலிருந்து ஒலிபரப்பும் வொய்ஸ் ஒஃப் திபெத் 5 கிலோஹேர்ட்ஸின் மடங்கில் நிற்காமல் ஒன்று இரண்டு கிலோஹேர்ட்ஸ் விலகி நிற்கும், அடிக்கடி இடமும் மாறும். ஜாமர் 5இன் மடங்கில் இருந்தால் இரண்டு கரியருக்கும் (பேச்சைச் சுமக்கும் அடிப்படை அலை) இடையில் 2 கிலோஹேர்ட்ஸ் விசில் கேட்கும். ஜாமர் பின்தொடர்ந்து அதே எண்ணுக்கு வந்ததும் விசில் நின்றுவிடும். நீங்கள் கேட்டது இந்த நிலையம்தான் என்று நான் சொல்லவில்லை. அடியில் உள்ள மொழியை முதலில் உறுதிசெய்யுங்கள். விசில் இருக்கும்போது யூஎஸ்பி, எல்எஸ்பி (கரியருக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் மட்டும் கேட்கும் முறைகள்) இரண்டையும் மாற்றிப் பார்த்து ஜாமருக்கு எதிர்ப் பக்கத்தைத் தெரிவுசெய்தால் அடியில் உள்ள பேச்சு ஓரளவு மேலே வரும்.

பன்குளம்_பற்றரி

"டிக்" யானை வேலி. இந்த மாவட்டத்தில் இதைக் கேட்காத ரிசீவர் இல்லை. வேலிக்கு மின்துடிப்பு கொடுக்கும் பெட்டி வினாடிக்கு ஒன்று, அல்லது கொஞ்சம் மெதுவாக அடிக்கும். கம்பியில் புல் முட்டினாலோ இன்சுலேட்டர் வெடித்திருந்தாலோ அந்த இடத்தில் பொறி பாயும். அந்தப் பொறிதான் மெகாஹேர்ட்ஸ் கணக்கில் பரவுகிறது. வேலிக் கம்பி கிலோமீற்றர் கணக்கில் ஓடுவதால் அதுவே அன்டெனா. எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் "டிக்" விழுந்தால் வேலி. வாட்டர்ஃபோலில் குறுக்குக்கோடு ஒரே நேராக இருக்கும்.

4.4 மெகாஹேர்ட்ஸ் பக்கம் மட்டும் வினாடிக்கு ஒரு தடவை வழுக்கிக்கொண்டு போகும் ஓசை இருந்தால் அது வேறு. கடல் நீரோட்டம் அளக்கும் கரையோர ராடார் அது. வங்காள விரிகுடாவின் இந்தியக் கரையில் அப்படி இருக்கின்றன. கோடு சாய்வாக ஓடும், வேலி மாதிரிக் குறுக்காக விழாது. இரண்டும் வினாடிக்கு ஒன்று என்பதால் ஆட்கள் குழப்பிக்கொள்கிறார்கள். 2 மெகாஹேர்ட்ஸ் பக்கம் மோர்ஸ் மாதிரிக் கூப்பிட்டுவிட்டு ஓய்ந்தால் அது மீன்வலை மிதவை. அதையும் ஜாமர் என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள் அன்டெனாவில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. எர்த் இல்லாத 9:1 பலன். 15 மீற்றர் வயர் பாதி அன்டெனாதான். மற்ற பாதி எது? கேபிளின் வெளிச் சட்டை. அது வீட்டுக்குள் வந்து கணினியில் முடிகிறது. எல்இடி பல்ப், ஃபோன் சார்ஜர், லப்டொப் பவர் பெட்டி எல்லாவற்றின் குப்பையும் அந்தச் சட்டை வழியாக ஏறி பலனுக்குள் நுழைகிறது. வயரை எவ்வளவு உயர்த்தினாலும் இது குறையாது.

முதலில் சோதனை. பிஎல்-330 பற்றரியில், எஸ்டிஆர் பற்றரியில் ஓடும் லப்டொப்பில். 13:55 யூடிசிக்கு முன் ட்ரிப் சுவிட்சை இறக்கிவிடுங்கள். இரைச்சல் தரை (சிக்னல் இல்லாத இடத்திலும் நிற்கும் அடிமட்ட இரைச்சல்) எத்தனை டெசிபல் இறங்குகிறது என்று குறியுங்கள். 3க்குக் குறைவானால் வீட்டைக் குறை சொல்ல முடியாது, அயலைப் பாருங்கள். அயலில் கூரைச் சோலார் இருந்தால் பகலில் இரைச்சல், பொழுது பட்டதும் அமைதி. இன்வேர்ட்டருக்குச் சூரியன் வேண்டும், ஜாமருக்கு வேண்டாம்.

மின்கம்பத்து இன்சுலேட்டரில் உப்புப் படிந்தால் 100 ஹேர்ட்ஸ் உறுமல் வரும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் கரையோரத்தில் மாதக்கணக்கில் மழை இல்லை, உப்புக் கழுவுப்படாது. மாரியில் முதல் நல்ல மழை பெய்ததும் காணாமல் போனால் அது கம்பம்தான்.

திருத்தம் இப்படி. 9:1 பலனைக் கழற்றிவிட்டு பிஎன்-73-202 என்ற இரட்டைத் துளை ஃபெரைட்டில் இரண்டு தனித்தனிச் சுற்று போடுங்கள். அன்டெனாப் பக்கம் 6 சுற்று, கேபிள் பக்கம் 2 சுற்று. இரண்டுக்கும் இடையில் உலோகத் தொடர்பு இருக்கக்கூடாது, மல்டிமீற்றரில் பார்த்துவிடுங்கள். 6 சுற்றின் ஒரு முனை வயருக்கு, மறுமுனை எர்த்துக்கு. எர்த் 1.2 மீற்றர் செம்புக் கம்பி, ட்ரான்ஸ்ஃபோமருக்கு நேர் கீழே. சாம்பல்தீவு மணல் மேலே காய்ந்துபோய் இருக்கும், காய்ந்த மணலில் அடித்த கம்பி எர்த் இல்லை. ஈரம் தட்டும் ஆழம் வரை இறங்க வேண்டும். முடியாவிட்டால் தலா 7 மீற்றர் வயர் இரண்டை மணலுக்கு மேலே விரித்துவிடுங்கள். அதன் பிறகு கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், சட்டையில் ஏறும் குப்பையைத் தடுக்க ஒரு சோக்: எஃப்டி240-31 வளையத்தில் 10 சுற்று.

மூட்டுகளை எல்லாம் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றி மூடுங்கள். கடற்காற்றில் மூடாத செம்பு மூட்டு சில மாதத்தில் பச்சை பிடித்து டயோட் மாதிரி வேலை செய்யும். இல்லாத நிலையங்கள் எல்லாம் அதிலிருந்து பிறக்கும். ஏப்ரல், ஒக்டோபர் இடிக்காலத்தில் கேட்காத நேரம் கேபிளைக் கழற்றி வெளியே விடுவது கட்டாயம்.

கேபிள்முறுக்கி

பன்குளம் சொன்னது எல்லாம் சரி. ஒன்றைச் சேர்க்க வேண்டும், திருமலையில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய தலையிடி. நிலாவெளிக்கு வடக்கே இருக்கும் சிற்றலை நிலையம். ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி கட்டி, 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது. ஒலிபரப்பி ஒன்று 250 கிலோவாட். அன்டெனாவின் ஆதாயத்தை (ஒரு பக்கம் குவித்துப் பெருக்கும் அளவு) விட்டுவிட்டு, எல்லாப் பக்கமும் சமமாகப் போகிறது என்று கணக்குப் போட்டாலே 10 கிலோமீற்றரில் மீற்றருக்கு 0.27 வோல்ட் வரும். திபெத்துக்குப் போகும் சிக்னல் உங்களிடம் மைக்ரோவோல்ட் கணக்கில் வருகிறது. ஆயிரக்கணக்கு மடங்கு வித்தியாசம்.

சாம்பல்தீவு அதற்கு மிகக் கிட்ட. அது ஓடும் நேரத்தில் உங்கள் எஸ்டிஆரில் தெரியும் புதுச் சிக்னல் எதையும் நம்பாதீர்கள். சோதனை சுலபம். 100 ஓம், 68 ஓம், 100 ஓம் மூன்று ரெசிஸ்டர். 68ஐ நேர் பாதையில், 100 இரண்டையும் இரண்டு பக்கமும் சட்டைக்கு. சிக்னலை 9.7 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டர் தயார். அதைப் போட்டால் உண்மையான நிலையம் 10 டெசிபல் இறங்கும். ரிசீவருக்குள்ளே கலந்து பிறந்த பேய் 20, 30 இறங்கும், சிலவேளை அடியோடு மறையும். வீ3 டைரக்ட் சாம்பிளிங்கில் ஆதாயத்தைக் குறைக்கும் வசதியே இல்லை என்பதால் இந்த மூன்று ரெசிஸ்டர்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே கைப்பிடி.

யாராவது எம்எல்ஏ-30 மாதிரிப் பெருக்கி வைத்த வளைய அன்டெனா வாங்கச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். நகருக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கம் என்றால் நல்ல சாமான். உங்கள் இடத்தில் அந்த நிலையம் ஓடும்போது பெருக்கி நிறைந்துபோய் பட்டை முழுக்கப் பேய் எழுப்பும் ஆபத்து இருக்கிறது. பெருக்கி இல்லாத வளையம் போதும்.

மட்டிக்களி_31மீ

வளையம் வீட்டு இரைச்சலை வெட்டுவதற்கு மட்டும், ஜாமரின் திசை காண்பதற்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். பலர் வளையத்தைத் திருப்பிவிட்டு "ஜாமர் வடக்கில்" என்று எழுதுகிறார்கள். வான்வழி வரும் சிக்னல் மேலிருந்து சாய்ந்து இறங்குகிறது, அதன் துருவநிலை நிமிடத்துக்கு நிமிடம் சுழல்கிறது. வளையத்தின் மௌன முனை (சிக்னல் மறையும் திசை) வான்வழிச் சிக்னலில் மங்கிப்போகும். சரி, மங்காது என்றே வைத்துக்கொள்வோம். இங்கிருந்து தஜிகிஸ்தானின் துஷன்பே வடக்குக்குச் சற்று மேற்கே, 3,500 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஜாமர் இருக்கக்கூடிய மேற்குச் சீனாவின் காஷ்கரும் ஏறக்குறைய அதே தூரம், அதே பக்கம். இரண்டுக்கும் இடையில் பத்துப் பாகை அளவுதான். ஒலிபரப்பியையும் ஜாமரையும் வளையத்தால் பிரிக்க முடியாது.

கேபிள்முறுக்கி

ஒத்துக்கொள்கிறேன். வளையம் இரைச்சலுக்கு மட்டும்.

சாம்பல்தீவு_வயர்

மிக்க நன்றி. 15,150 சரியாகப் பொருந்திவிட்டது, அது பேய்தான். ட்ரிப் சுவிட்ச் இறக்கியதும் இரைச்சல் தரை 11 டெசிபல் இறங்கியது. மாற்று ட்ரான்ஸ்ஃபோமர் சுற்றும் வரை அப்படியே இருட்டில் கேட்கிறேன்.

25 மீற்றரில் இன்று விசில் இல்லை. ஜாமரும் அதே எண்ணில்தான் நிற்கிறது. அட்டெனுவேட்டர் போட்டாலும் 10தான் இறங்கியது, ஆகவே வெளியே இருக்கும் சிக்னல். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும்போது எது ஒலிபரப்பு, எது ஜாமர், எத்தனை ஜாமர் என்று பிரிக்க வழி உண்டா? பதிவுக்கு ஒரு முறை சொல்லுங்கள்.

கேபிள்முறுக்கி

உண்டு, கரியரை எண்ணுவதுதான் வழி. எந்த இரண்டு ஒலிபரப்பியும் ஒரே ஹேர்ட்ஸில் நிற்பது அரிது. ஒன்று 0.4 மேலே, மற்றது 3 கீழே என்று நிற்கும். காதுக்கு ஒன்றுதான், நீளமான அலைமாலைப் பகுப்பில் தனித்தனிக் கோடு.

ரிசீவரை யூஎஸ்பியில் போட்டு, அலைவரிசைக்குச் சரியாக 1 கிலோஹேர்ட்ஸ் கீழே வையுங்கள். கரியர்கள் எல்லாம் 1,000 ஹேர்ட்ஸ் பக்கம் ஓசையாகக் கேட்கும். பிஎல்-330இன் ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுத்தாலும் போதும். வினாடிக்கு 8,000 மாதிரி வீதத்தில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 வேண்டாம், அது மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும். ஓடசிட்டியில் 65,536 அளவில் பகுத்தால் ஒரு கட்டம் 0.12 ஹேர்ட்ஸ். அதற்கு 8.2 செக்கன் பதிவு தேவை, ஒரு நிமிடம் எடுத்தால் நல்லது. அலையைத் திருப்பி அனுப்பும் வானத்து அடுக்கு (அயனமண்டலம்) ஏறி இறங்குவதால் கோடு கொஞ்சம் தடிக்கும். அரை ஹேர்ட்ஸுக்குக் கிட்ட நிற்கும் இரண்டைப் பிரித்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள்.

வீ3இன் கடிகாரம் பத்து இலட்சத்தில் ஒன்று பிசகினாலே 12 மெகாஹேர்ட்ஸில் 12 ஹேர்ட்ஸ் தவறு. கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளி அதனால் மாறாது, எல்லாம் சேர்ந்தே நகரும். சரியான எண்ணும் வேண்டுமானால் அதே இரவில் 10 மெகாஹேர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் நேர நிலையத்தை இதே மாதிரிப் பதிந்து எவ்வளவு பிசகு என்று கழித்துக்கொள்ளுங்கள்.

இனி எது யார். நிகழ்ச்சி 15:00க்கு முடிகிறது, ஜாமர் 15:01 வரை நிற்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். 14:58 முதல் 15:03 வரை நிற்காமல் பதியுங்கள். வாட்டர்ஃபோலில் முதலில் அணையும் கோடு ஒலிபரப்பி. மிச்சம் நிற்பவை ஜாமர்கள். ஒவ்வொன்றும் அணையும் செக்கனையும் குறியுங்கள், அவை ஒன்றாக அணைவதில்லை. தொடக்கத்திலும் இதே முறை, 13:57 முதல் 14:02 வரை. ஒரு மணி நேரத்தின் நடுப்பகுதி முழுவதையும் பதிந்து வைப்பதைவிட இந்தப் பத்து நிமிடத்தில்தான் சங்கதி இருக்கிறது. முழு ஐக்யூ பதிவு (எஸ்டிஆர் பிடிக்கும் பட்டை முழுவதையும் அப்படியே சேமிப்பது) 1 மெகா மாதிரி வீதத்தில் மணிக்கு 7.2 கிகாபைட், வட்டு நிறைந்துபோகும்.

இடம் காண்பதற்கு, இணையத்தில் திறந்திருக்கும் கிவி எஸ்டிஆர் ரிசீவர்களுக்குச் சிக்னல் வந்துசேரும் நேர வித்தியாசத்தை ஒப்பிடும் முறை இருக்கிறது. ஜிபிஎஸ் பூட்டிய ரிசீவர்களாகப் பார்த்து மூன்று முதல் ஆறு தெரிவுசெய்ய வேண்டும். ஒரே திசையில் வரிசையாக நிற்பவை வேண்டாம், ஜாமரைச் சுற்றி நிற்க வேண்டும். 30 செக்கன் பதிந்து ஒப்பிடும். வெறும் கரியரில் இது வேலை செய்யாது, பேச்சோ இரைச்சலோ இருக்க வேண்டும். உங்கள் விடயத்தில் ஒரு வில்லங்கம்: ஒரே நிகழ்ச்சியை மூன்று நிலையம் அனுப்பினால் வரைபடத்தில் மூன்று இடமும் குழம்பி, நடுவிலே ஒன்றுமில்லாத பாலைவனத்தைக் காட்டும். ஆகவே கடைசி ஜாமர் மட்டும் மிஞ்சி நிற்கும் அந்தச் சில செக்கன்களைப் பிடிக்க முடிந்தால்தான் பலன்.

மட்டிக்களி_31மீ

பதிவுக்கு நான் சொல்வது: நேரம் யூடிசியில் செக்கன் வரை, அலைவரிசை 0.1 கிலோஹேர்ட்ஸ் வரை, ரிசீவர், அன்டெனா, அட்டெனுவேட்டர் இருந்ததா, அடியில் கேட்ட மொழி, ஜாமரின் வகை. சின்போ (SINPO, சிக்னலின் தரத்தை ஐந்து எண்ணில் சொல்லும் முறை) எண் போடுவதென்றால் இரண்டாவது எழுத்தான குறுக்கீட்டை ஜாமிங்குக்கு, மூன்றாவதான இரைச்சலை வானத்துக்கும் வீட்டுக்கும் என்று பிரித்து வையுங்கள். பலர் இரண்டையும் ஒரே எண்ணில் கலந்து விடுகிறார்கள். "பலமான ஜாமிங்" என்று எழுதுவதற்குப் பதில் இப்படி எழுதினால் இன்னொருவர் ஒப்பிடலாம்:

13:58:40 கரியர் மட்டும், பேச்சு இல்லை. 13:59:12 சீனப் பேச்சு, இரண்டு பிரதி. 14:00:00 பிப் இரட்டை. 14:00:20 அடியில் இன்னொரு மொழி, பெண் குரல். 15:00:05 ஒரு கோடு அணைந்தது. 15:01:10 எல்லாம் அணைந்தது.

சீன முதல் சேவைதான் என்று உறுதிசெய்ய, அதே சேவை தனியாக வரும் இன்னொரு அலைவரிசையை இரண்டாவது ரிசீவரில் வைத்து ஒரே பேச்சா என்று ஒப்பிட்டு அந்த எண்ணையும் எழுதுங்கள். எந்த நிலையம் எங்கே, எப்போது என்ற அட்டவணைக்கு ஐபி (EiBi) பட்டியலும் எச்எஃப்சிசி (HFCC) பட்டியலும் போதும். மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் பருவம் மாறும். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு "நிலையம் காணாமல் போய்விட்டது, ஜாமிங் வென்றுவிட்டது" என்று எழுதுவது வருடத்துக்கு இரண்டு தடவை எங்காவது நடக்கும்.

இன்னொன்று. திருமலையில் ஜாமர் பலமாகக் கேட்பதால் திபெத்தின் லாசாவிலும் நிகழ்ச்சி அமுங்கிவிட்டது என்று எழுதாதீர்கள், மறுபக்கமும் எழுதாதீர்கள். நகரத்துக்குள் தரை அலையில் மட்டும் வேலை செய்யும் சின்ன ஜாமர்கள் சில பத்துக் கிலோமீற்றரைத் தாண்டாது, நமக்கு ஒருநாளும் கேட்காது. அங்கே நகரத்துக்குள் ஒன்றும் கேட்காமல், ஊர்ப்புறத்தில் தெளிவாகக் கேட்கலாம். மாலையில் இன்னொரு விளையாட்டும் உண்டு. ஒலிபரப்பி மேற்கே, இன்னும் வெயிலில் இருக்கிறது. ஜாமர் கிழக்கே, இருட்டிவிட்டது. இருட்டின பக்கத்து வானத்தில் அடுக்கின் செறிவு குறைந்து, அந்த அலைவரிசை திரும்பி வராமல் மேலே துளைத்துப் போய்விடும். மேற்கிலிருந்து வருவது மட்டும் இறங்கும். சோவியத் காலத்திலேயே மேற்கத்திய நிலையங்கள் இந்த அந்திப் பாதுகாப்பைப் பயன்படுத்தின. சோவியத் ஜாமிங் 1988இல் நிற்கும் வரை அந்த நேரத்துக்கு என்றே ஆட்கள் வானொலியைப் போடுவார்கள்.

பன்குளம்_பற்றரி

மற்ற வகைகளையும் கேட்க ஆசையென்றால்: 7.1க்கும் 7.2 மெகாஹேர்ட்ஸுக்கும் நடுவே இரவில் எரித்திரிய வானொலிக்கு மேலே எதியோப்பியப் பக்கத்து வெண்ணிரைச்சல் வந்தது உண்டு. இன்னும் வந்தால், டிஆர்எம்முக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஓர வித்தியாசம் உடனே பிடிபடும். வடகொரியாவின் ஜெட் விமான உறுமல் 2025 வரை 3 முதல் 6 மெகாஹேர்ட்ஸில் இருந்தது. 5,500 கிலோமீற்றர் தாண்டி வர வேண்டியிருந்தது, யானை வேலி விட்டால்தானே.

ஒன்று மறந்துவிட்டேன். சோக்குக்கு ஆர்ஜி-6ஐச் சுற்றாதீர்கள். அதன் உள்ளே நுரை, இறுக்கி வளைத்தால் வெயிலில் நடுக்கம்பி நுரையை அறுத்துக்கொண்டு சட்டைப் பக்கம் நகரும். சோக்குக்கு மட்டும் ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் ஆர்ஜி-58 வெட்டி இரு முனையிலும் கனெக்டர் போட்டு நடுவே சேருங்கள். 50க்கும் 75க்கும் பொருந்தாது என்று யாராவது சொன்னால், கேட்பதற்கு அந்த வித்தியாசம் ஒரு டெசிபலும் வராது.